கிள்ளான் ஆட்டத்துக்கு ஆள் தேவை

சொந்த ஊர் மைதானத்தில் வேலியோரம் நின்று கத்துவதற்கு எந்த வீரமும் வேண்டியதில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரலாம், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். வெளியூர் வரைக்கும் தன் அணியோடு போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவன்தான் உண்மையான ரசிகன். இது என் கருத்தல்ல. மலாயாவை ஆள வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரின் கருத்து. அவர் இடுப்பில் நீளமாக ஒரு வாள் தொங்கியதால், பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் நாங்கள் அனைவரும் அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம்.

எனக்கும் கால்பந்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் நாகப்பட்டினத்தில் ஜவுளி வியாபாரம் செய்துகொண்டிருந்தவன். என் தம்பி ஹமீது கோலாலம்பூரில் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காமலே இருந்தான். உம்மா அவனுக்குப் பெண் பார்த்து வைத்துவிட்டு, போய் அவனைக் கையோடு கூட்டி வா என்று என்னைக் கப்பலேற்றினார். வந்து பார்த்தால் பையன் பட்டறையை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் பேட்டை அணியின் இடது ஓரத்து ஆட்டக்காரன். பந்தயங்கள் முடியட்டும் நானா, ரெண்டே மாசம் என்றான். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம். சரி என்று உட்கார்ந்தேன். பந்தயங்கள் முடிவதற்குள் வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்துவிட்டது. ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டான். கப்பல் நின்றுபோனது.

துணியே கிடைக்காத ஊரில் ஜவுளி வியாபாரி என்ன செய்வான்? ஜனங்கள் கோணிப்பையை வெட்டிக் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, மரவள்ளிக்கிழங்கு வடை சுட்டு விற்றேன். கிழங்கில் வடை, கிழங்கில் புட்டு, கிழங்கில் ஏதோ ஒரு கஞ்சி. சாப்பிட்டவர்கள் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, ஆனால் யாரும் மிச்சம் வைத்ததும் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை ரயில்வே ஆட்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். ஒவ்வொரு வரிசையும் குனிந்து வணங்கி முடித்ததும் அதிகாரி பேசினார். அவர் நீளமாகப் பேசினார், மொழிபெயர்ப்பாளர் சுருக்கமாகச் சொன்னார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். இளவட்டங்கள் எல்லோரும் போகவேண்டியிருக்கும். ஆனால் கால்பந்து மக்களுக்கு உற்சாகம் தருகிறது என்பதால், நல்ல அணிகளைக் கலைக்காமல் இங்கேயே விட்டுவைக்கலாம். நல்ல அணி எது? மக்கள் எந்த அணிக்காகக் கத்துகிறார்களோ அது. சொந்த ஊரில் கூட்டம் கூடுவது பெரிய விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் அணி துறைமுக ஊரான கிள்ளானில் ஆடுகிறது. அவர் நேரில் வந்து பார்ப்பார். யாரும் கத்தாத அணியின் கால்களுக்குச் சயாமில் வேலை இருக்கிறது.

அதாவது பதினொரு பேர் ஊரில் இருப்பதும் சயாம் காட்டுக்குப் போவதும் ரசிகர்களின் தொண்டையைப் பொறுத்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவன் என் தம்பி. சயாம் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. ஆட்கள்தான் வரவில்லை. உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று யோசித்தபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குக் கால்பந்தில் தாங்கமுடியாத அக்கறை பிறந்தது.

எங்கள் அணிக்குச் செயலாளர் ரத்தினம். ரயில்வேயில் கிராணி வேலை. எழுத்தர்களை இங்கே கிராணி என்றுதான் சொல்கிறார்கள், அதனால் அவர் ஊருக்கே ரத்தினக் கிராணி. ஒல்லியான மனிதர், எப்போதும் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். வியாழக்கிழமை காலையிலிருந்து அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். நானும் வடைக்கூடையோடு பின்னால் போனேன். கிள்ளானுக்கு இலவச ரயில் என்றார். அங்கேதான் தப்பு செய்தார்.

டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று சொல்லிக் கூப்பிட்டு, படம் பார்க்க வந்த ஆண்களை அப்படியே லோரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இலவசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆண்பிள்ளைகள் கொல்லைப்புறமாக நழுவினார்கள். ஒருவருக்குத் திடீரென்று இடுப்புப் பிடிப்பு. இன்னொருவருக்குத் தான் கால்பந்து ரசிகனே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொதிகலன் வேலை பார்க்கும் மாணிக்கம் இருக்கிறாரே, இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசிலடித்தால் ரயில் எஞ்சினே திரும்பிப் பார்க்கும். சொந்த மைதானத்தில் நடுவரின் குடும்பத்தையே இழுத்துப் பேசுகிற மனிதர். அவரே வாசற்படியைத் தாண்டவில்லை.

"கிராணி, நான் நம்ம ஊரிலேயே நல்லா கத்தி விடுறேன். கிள்ளானுக்குக் கேக்கும்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இங்குள்ள அணிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வரும் அணிக்கும் அதோடு வருகிறவர்களுக்கும் ஆட்டத்துக்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் சாப்பாடு போடவேண்டும். சண்டைக் காலத்தில் அது கிழங்காகச் சுருங்கியிருந்தது. கிள்ளான்காரர்கள் அதில் ரோஷக்காரர்கள் என்று ஹமீது சொல்லியிருந்தான். கிராணியிடம் சொன்னேன், ரயிலைப் பற்றிப் பேசாதீர்கள், சோற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று. கிள்ளானில் அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் என்று அவர் ஒரே ஒரு வீட்டில்தான் சொன்னார். சாயந்திரத்துக்குள் முழுத்தெருவும் அவர் வீட்டு வாசலில் நின்றது. சயாம் பயத்தைப் பசி ஜெயித்துவிட்டது. கூட்டத்தின் முன்வரிசையில் மாணிக்கம்.

வெளியூர் ஆட்டத்துக்கு ஆள் சேர்க்க விரும்பும் சங்கத்தாருக்கு இது என் தாழ்மையான ஆலோசனை. அணியின் பெருமையைப் பேசாதீர்கள். இலையில் என்ன விழும் என்று சொல்லுங்கள்.

ஞாயிறு காலை ரயிலில் ஏறினோம். ரயில் என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்பு மாடு ஏற்றிய சரக்குப் பெட்டிகள். மாடுகள் இருந்ததற்கான தடயங்களை யாரும் அகற்றியிருக்கவில்லை. நிலக்கரி இல்லாததால் எஞ்சின் ரப்பர் விறகில் ஓடியது, ஓடாதபோது நின்றது. நேரத்தையும் ஜப்பான்காரர்கள் தோக்கியோவுக்குத் தக்கபடி மாற்றிவைத்திருந்தார்கள். சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேராததால், கடிகாரத்துக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

பத்து தீகா ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றது. பிறகு மெல்லப் பின்னோக்கி உருண்டது. வேகம் எடுத்து ஏறுவதற்காகத்தான். ஆனால் எங்கள் பெட்டியில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. வண்டி திரும்புகிறது, வடக்கே சயாமுக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ சொன்னார். அவ்வளவுதான். உண்மையான ரசிகர்கள் பட்டாணி கொட்டினாற்போலப் பெட்டியிலிருந்து குதித்து ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். கிராணி கதவில் தொங்கியபடி, கிள்ளான்தான், சத்தியமாகக் கிள்ளான்தான் என்று கத்தினார். பிறகு எஞ்சின் மேட்டில் ஏறி முன்னால் போகத் தொடங்கியதும், சோறு போகிறதே என்று குதித்தவர்கள் அனைவரும் பின்னால் ஓடிவந்து தொற்றினார்கள். மாணிக்கத்தை நானும் ஹமீதும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். மூச்சிரைக்க உட்கார்ந்தவர், காட்டில் ஒண்ணுக்குப் போகத்தான் இறங்கினேன் என்றார்.

கிள்ளான் ஸ்டேஷனில் அவர்கள் அணித் தலைவன் அந்தோணி நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். தோளைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் அவன் அக்கா ஞானம். இருவருக்கும் வேறு யாரும் இல்லை என்று ஹமீது சொன்னான். எங்கள் கூட்டத்தின் அளவைப் பார்த்ததும் ஞானத்தின் முகம் ஒரு கணம் மாறியது. இத்தனை பேரை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. உடனே சமாளித்துக்கொண்டு, வாங்க வாங்க என்று முன்னால் நடந்தாள்.

மாதா கோயில் கொட்டகையில் பந்தி போட்டார்கள். வாழையிலையில் வெள்ளைவெளேரென்று அரிசிச் சோறு. பங்கீட்டில் கிடைக்கும் சுண்ணாம்பு வாடை அடிக்கிற அரிசி இல்லை, கம்பம் எனப்படும் கிராமத்து மலாய்க்காரர்களிடம் எதையெதையோ கொடுத்து வாங்கி வந்த புது அரிசி. கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய், ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாகப்பட்டினத்தில் சோற்றைக் குறை சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தவன் நான்.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். கிள்ளான்காரர்களின் பெண்டுபிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து அவித்த கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பங்குச் சோற்றைத்தான் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். எனக்குப் பின்னால் வந்த மாணிக்கமும் பார்த்தார். உள்ளே போய் அடுத்தவரிடம் சொன்னார். பந்தி முழுக்க அது பரவியது. வினை அங்கேதான் தொடங்கியது.

மைதானம் கோயிலை ஒட்டியே இருந்தது. பந்து பழைய தோலை ரப்பர் ஒட்டுப்பாலால் ஒட்டிச் செய்தது, ஒரு பக்கம் கனம் அதிகம், அடித்தால் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பாதிப் பேருக்கு வெறுங்கால். அதிகாரியின் நாற்காலி காலியாக இருந்தது. கரிவாயுவில் ஓடும் அவர் கார் வழியில் நின்றுவிட்டதாம். அவருக்காக ஆட்டத்தை நிறுத்திவைக்க நடுவருக்கு உத்தரவு இல்லை, அதனால் விசிலை ஊதிவிட்டார்.

ஹமீது பந்தை வாங்கிக்கொண்டு இடது ஓரமாகப் பறந்தான். நான் எங்கள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் போல அடக்கமாக நின்றார்கள். கிராணி பதறிப்போய், கத்துங்கப்பா, கத்துங்க என்று கெஞ்சினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஹமீது அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனதும் மாணிக்கம் பெருமூச்சு விட்டார். ஏமாற்றத்தில் இல்லை, நிம்மதியில். கிராணி அவர் சட்டையைப் பிடித்தார்.

"என்னைக் கொன்னாலும் சரி கிராணி. அவங்க பிள்ளைங்க கிழங்கைத் தின்னுட்டு நமக்குச் சோத்தைப் போட்டிருக்காங்க. கை ஈரம் காயலை, அவங்களுக்கு எதிரா எப்படிக் கத்துறது?" என்றார் மாணிக்கம்.

இதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. அந்தோணி தலையால் முட்டி எங்கள் வலைக்குள் பந்தைப் போட்டான். பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் மொத்தமும் மரியாதையாகக் கைதட்டியது. உள்ளூர்க்காரரின் வீட்டு விசேஷத்துக்கு மொய் வைத்த திருப்தி ஒவ்வொரு முகத்திலும். தம்பியின் உயிரைக் காப்பாற்ற நான் கூட்டி வந்த கூட்டம் இது. கத்த நினைத்து நானும் வாயைத் திறந்தேன். என் வயிற்றிலும் அவர்கள் சோறுதான் இருந்தது. சத்தம் வரவில்லை.

இடைவேளையில் ஞானம் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். உங்க ஆளுங்க ஏன் இப்படி இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க, சாப்பாடு பிடிக்கலையா என்று என்னைக் கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி வருகிறார் என்பதையும், யாரும் கத்தாவிட்டால் எங்கள் பையன்கள் சயாமுக்குப் போகவேண்டும் என்பதையும், அதில் ஒருவன் என் தம்பி என்பதையும், சாப்பிட்ட கூச்சத்தில் இவர்கள் கத்த மாட்டேன் என்கிறார்கள் என்பதையும். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நாங்க போட்ட சோறு உங்க வாயை அடைச்சிருச்சா? அப்ப நாங்களே கத்துறோம் அண்ணே" என்றாள்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் ஆட்களிடம் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. துறைமுகத்து ஆட்கள் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. மைதானத்தில் நின்ற அந்தோணியிடமும் போய்ச் சொன்னாள். அவன் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையை உயர்த்திக் காட்டினான். வெளியூர்க்காரனுக்குத்தானே பரீட்சை, எங்களுக்கென்ன என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

இரண்டாவது பாதி தொடங்கும்போது காரும் வந்தது. அதிகாரி வாளை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கிள்ளான் கூட்டம் ஆரம்பித்தது. பிரிக்பீல்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸ் என்று துறைமுகத்துத் தொண்டைகள் அலறின. பெண்கள் தகரத்தைத் தட்டினார்கள். கிழங்கு தின்ற பிள்ளைகள் குதித்தன. தங்கள் ஊர்ப் பையன்கள் பந்தை எடுத்தால் ஊமையாகி, ஹமீது எடுத்தால் வானத்தைப் பிளந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஹமீது கோல் போட்டான். யாரோ முன்பின் தெரியாத கிள்ளான்காரர் என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். என் தம்பி பிழைத்தான்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். நானும் கிராணியும் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றோம். கத்துகிறவர்களெல்லாம் யார் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். கிராணி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"எல்லாம் எங்க ஆளுங்கதாங்க. பிரிக்பீல்ட்ஸிலேர்ந்து வந்தவங்க" என்றார்.

அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். அது மொழிபெயர்ந்து வர ஒரு நிமிஷம் ஆனது.

"அப்படியென்றால் கிள்ளான் அணிக்காகக் கத்துகிறவர்கள் எங்கே?"

கிராணி சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் பையன்கள் பிழைத்த சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அந்தோணி ஹமீதின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தான். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் மறு ஆட்டம், சாப்பாடு உங்கள் பொறுப்பு, கிழங்கு போட்டால் திரும்பிப் போய்விடுவோம் என்றான். ஊர் திரும்பும்போது ரயில் எத்தனை தடவை பின்னால் உருண்டும் யாரும் குதிக்கவில்லை. மாணிக்கம் பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை விசிலடித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை எங்கள் அணிக்குப் பாராட்டு. பையன்கள் பட்டறையிலேயே இருக்கலாம். அதோடு ஒரு மூட்டை அரிசிப் பரிசு. அதிகாரி வந்து கிராணியின் கையைக் குலுக்கினார். அன்றைக்கு முழுவதும் கிராணி பித்தான் கழற்றாமல் தெருவில் உலாவினார்.

செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து வந்த ரயில்வே கார்டு ஒருவர் செய்தி கொண்டுவந்தார். சொந்த மண்ணிலேயே ஒரு ஆள்கூடக் கத்தாத அணி மக்களுக்கு என்ன உற்சாகம் தரப்போகிறது என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். கிள்ளான் அணி கலைக்கப்பட்டது. பதினொரு பேரும் நாளைக் காலை ரயிலில் சயாமுக்கு. அந்த ரயில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால்தான் போகும், விறகு ஏற்றக் கொஞ்ச நேரம் நிற்கும்.

கிராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கு எங்களில் யாருக்கு யோக்கியதை இருந்தது? ஹமீது மட்டும் எழுந்துபோய்ப் பரிசு மூட்டையை இழுத்துவந்து என் அடுப்படியில் போட்டான். சமைங்க நானா என்றான். அந்த மூட்டையில் ஒரு மணி மிச்சமில்லாமல் சமைத்தோம். தெருவே சேர்ந்து சமைத்தது. கருவாடு கிடைக்கவில்லை, யாரோ குளத்து மீன் கொண்டுவந்தார்.

புதன் காலை சரக்கு ரயில் வந்து நின்றது. அதே மாட்டுப் பெட்டிகள். ஞானம் இன்னொரு பெட்டியில் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து கிள்ளானிலிருந்தே கூட வந்திருந்தாள். காவலர்கள் அவளை இங்கே இறக்கிவிட்டார்கள். அந்தோணியும் பையன்களும் கம்பிக்குப் பின்னால் நின்றார்கள். வாழையிலைப் பொட்டலங்களைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினோம். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு உள்ளூர்க்காரர் பொறுப்பு. வழக்கத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. கிராணி ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் அந்தோணியிடம் நீட்டினார். அந்தோணி வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கிராணி சொன்ன பொய் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

"மறு ஆட்டம் பாக்கி இருக்குலா, மறந்துடாதீங்க" என்றான்.

ரயில் நகர்ந்ததும் மாணிக்கம் இரண்டு விரலை வாயில் வைத்தார். பிறகு தெரு மொத்தமும் கிள்ளான், கிள்ளான் என்று கத்தியது. பிரிக்பீல்ட்ஸ் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தோம். மகா நீளமான ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு ஒரு அணி கிளம்பிப் போகிறது, கூடப் போக ஒரு ரசிகனுக்கும் தைரியமில்லை.

இப்போது ஜப்பான்காரனும் போய்விட்டான். வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தலை குனிந்து வரிசையில் நின்றதை நாங்கள் பார்த்தோம். கப்பல் மறுபடியும் ஓடப்போகிறது என்கிறார்கள். உம்மா உயிரோடு இருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். ஹமீதைக் கேட்டேன். ஆட்டம் பாக்கி இருக்கு நானா என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சயாமிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் வருகின்றன. ஒரு காலத்தில் கிள்ளானுக்கு ஆள் சேர்க்கத் தெருத்தெருவாகக் கெஞ்சிய ரத்தினக் கிராணிக்கு இப்போது அந்த வேலை இல்லை. ரயில் வருகிறது என்றால் பிரிக்பீல்ட்ஸ் மொத்தமும் சோற்றுப் பானையோடு ஸ்டேஷனில் நிற்கிறது. முதல் ஆளாகப் பானையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் கிராணிதான், சட்டைப் பித்தானெல்லாம் கழன்று கிடக்கும். இறங்குகிறவர்கள் எலும்பும் தோலுமாக இறங்குகிறார்கள். யாராக இருந்தாலும் சோறு கொடுக்கிறோம். கிள்ளான் அணியில் இதுவரை கோல்காப்பாளன் மட்டும் இறங்கியிருக்கிறான். மற்றவர்களை வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள், அந்தோணியைப் பற்றித் தெரியாது என்கிறான்.

ஞானம் ஒவ்வொரு தடவையும் கிள்ளானிலிருந்து வந்துவிடுகிறாள். ரயில் உள்ளே நுழையும்போது நாங்கள் கிள்ளான், கிள்ளான் என்று கத்துகிறோம். அவள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன வாரம் வந்த ரயிலிலும் அவன் இல்லை. எங்கள் சத்தம் மெல்ல அடங்கியது. அவள் கதவுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"நிறுத்தாதீங்க அண்ணே. நான் ஒரு தடவை கத்திட்டேன், அது போதும். நீங்க கத்துங்க."

கத்தினோம்.